மருத்துவத் துறவி மேரி குளோரி

மகப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது தமிழர் வழக்கு. இன்று நாம் அதைப் பேச்சுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது வெறும் பேச்சன்று. கருவுற்ற பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டால், அவள் பிழைத்தெழுவாளா என்ற அச்சம் அவ்வீடு முழுவதையும் சூழ்ந்துகொள்ளும். ஊர் மருத்துவச்சி தன் கைப்பழக்கத்தால் அறிந்தவற்றைச் செய்வாள். குழந்தை தலைதிரும்பாமல் குறுக்காகக் கிடந்தாலோ, குருதிப்பெருக்கு நிற்காமல் போனாலோ அவளாலும் ஒன்றும் செய்ய இயலாது. அண்மையிலுள்ள நகரத்தில் மேலைநாட்டு மருத்துவம் பயின்ற மருத்துவர் ஒருவர் இருக்கக்கூடும். ஆயினும் அவர் ஆடவர். அயல் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டுப் பார்ப்பதை அக்காலக் குடும்பங்கள் பல ஏற்கவில்லை. மருத்துவர் வாயிலில் காத்திருக்க, உள்ளே தாயும் சேயும் இறந்துபோன வீடுகள் எத்தனையோ!

இந்நிலையைக் கண்டு மனம் பொறாதவர்கள் பெண்களுக்கெனத் தனி மருத்துவமனைகளைத் தோற்றுவித்தனர். சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை 1885ஆம் ஆண்டில் அவ்வாறு தோன்றியதே. முகத்திரை அணியும் பெண்களும் அச்சமின்றி வந்துசெல்லும் இடமாதலின் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே மக்கள் வழங்கினர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க மங்கை, தாம் மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் மருத்துவப்பணி தொடங்கினார். மைசூரில் செலுவாம்பா மருத்துவமனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் உரியது. அதன் வாயிலில் இன்று ஆண்களும் பெண்களும் கலந்து நிற்கிறார்கள். மகளிர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி இக்காலத்தில் எழுவது இயல்பே. அக்கேள்விக்கான விடை மேலே சொன்ன வீடுகளில் இருக்கிறது.

இத்தகைய பெண் மருத்துவர்களுள் ஒருவர் மேரி குளோரி அம்மையார். மற்றவர்க்கு இல்லாத தடை ஒன்று அவர் முன் நின்றது. அவர் மருத்துவராகவும் இருக்க விரும்பினார். துறவியாகவும் இருக்க விரும்பினார். இரண்டும் ஒருங்கே கூடா என்றது அவர் சார்ந்திருந்த கத்தோலிக்கத் திருச்சபையின் விதி.

விதி வந்த வழி

அவ்விதி பழைமையானது. நடுக்காலத்தில் ஐரோப்பாவின் மடங்களில் வாழ்ந்த துறவியர் சிலர் மருத்துவம் பார்ப்பதில் ஈடுபட்டுத் தம் வழிபாட்டுக் கடமைகளை நெகிழவிட்டனர். அதனைத் தடுக்கத் திருச்சபை அவ்வப்போது கட்டுப்பாடுகளை விதித்தது. காலம் மாறியது, மருத்துவமும் மாறியது. விதி மட்டும் மாறாமல் நின்றது. அருட்சகோதரியர் நோயாளியின் புண்ணைக் கழுவலாம், மருந்து புகட்டலாம், இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்யலாம். மருத்துவராகத் தொழில் செய்தல் மட்டும் அவர்களுக்கு உரியதன்று. மகப்பேறு பார்த்தல் அறவே கூடாது. கற்பு வாக்குறுதி பூண்ட கன்னியர்க்கு மகப்பேற்று அறை பொருந்தாத இடம் என்று கருதப்பட்டது. எந்த இடத்தில் பெண்கள் மிகுதியாக மாண்டனரோ, அந்த இடத்திற்குள் நுழையவே அருட்சகோதரியர்க்கு உரிமை இல்லை.

இவ்விதியை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர் ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அம்மையார். 1837ஆம் ஆண்டு பிறந்த அவர், பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தமையால், பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் மருத்துவம் பயின்று 1878இல் பட்டம் பெற்றார். முதிய வயதில் கத்தோலிக்கரானார். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி நகரில் பெண்களுக்கான மருத்துவமனை அமைய அவர் துணைநின்றார். மருத்துவமனை அமைந்தது, அங்கே பணிபுரியப் பெண் மருத்துவர் கிடைக்கவில்லை. வேற்று நாட்டில், ஊதியமும் ஓய்வும் நோக்காது வாழ்நாள் முழுவதும் தங்கிப் பணியாற்றுவோர் துறவியரே என்று அவர் உணர்ந்தார். ஆகவே, அருட்சகோதரியரை மருத்துவம் பயில விடுங்கள் என்று உரோமைத் தலைமையிடம் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் அம்முயற்சியைக் கைவிடவில்லை. விண்ணப்பம் நிறைவேறாமலே 1913ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் கூறும் சிறுநூல் ஒன்று வெளிவந்தது. அந்நூல் கடல் கடந்து ஆஸ்திரேலியாவிற்குச் சென்றது.

இளமையும் கல்வியும்

மேரி குளோரி 1887ஆம் ஆண்டு சூன் திங்கள் 23ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிர்ரகர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எட்வர்டு, தாயார் மார்கரெட். ஒன்பது குழந்தைகளுள் மேரி மூன்றாமவர். முன்னோர் அயர்லாந்திலிருந்து பிழைப்பு நாடி ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள். பிற்பாடு அக்குடும்பம் வாச்செம் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. கோதுமை விளையும் வறண்ட நிலப்பகுதி அது. இரவு உணவிற்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடிச் செபமாலை சொல்வர். நல்ல குருக்களும் நல்ல மருத்துவர்களும் நாட்டிற்குக் கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலும் அவ்வழிபாட்டில் இடம்பெறும். மருத்துவர் எளிதில் வந்துசேர முடியாத ஊரில் வாழ்பவர்க்கே அவ்வேண்டுதலின் ஆழம் புரியும்.

மேரி படிப்பில் சிறந்து விளங்கினார். அரசின் உதவித்தொகைத் தேர்வில் வென்று, பதின்மூன்று வயதிலேயே வீட்டைப் பிரிந்து மெல்போர்ன் நகருக்குச் சென்று கல்வி பயின்றார். பின்னர் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப்பாடங்களையே எடுத்தார். மருத்துவம் படிக்கலாமே என்று வழிகாட்டியவர் தந்தையார். அப்பல்கலைக்கழகத்தில் பெண்கள் மருத்துவப் பட்டம் பெறத் தொடங்கியது 1891ஆம் ஆண்டில்தான். மகளைக் கலைக் கல்வியிலிருந்து மருத்துவத்திற்கு மாற்றிய அத்தந்தையைப் பாராட்டாமல் இருக்க இயலாது. 1910இல் மேரி மருத்துவப் பட்டம் பெற்றார்.

இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் இணைத்துப் பார்க்கலாம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றது 1912ஆம் ஆண்டு. மேரியைவிட அவர் ஓராண்டு மூத்தவர். உலகின் இரு மூலைகளில் இரு பெண்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஆண்களே நிறைந்திருந்த வகுப்பறைகளில் அமர்ந்து ஒரே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தனர். ஒருவரையொருவர் அறியாத அவ்விருவரும் பின்னாளில் பணியாற்றியது ஒரே சென்னை மாகாணத்தில்!

பட்டம் பெற்ற மேரி நியூசிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரில் சிறிது காலம் பயிற்சி மருத்துவராக இருந்தார். பின்பு மெல்போர்னுக்குத் திரும்பி, கண், காது மருத்துவமனையிலும் விக்டோரியா அரசியார் மருத்துவமனையிலும் பணியாற்றினார். பின்னதன் வரலாறு சுவையானது. பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் மருத்துவமனை வேண்டும் என்று விரும்பிய பெண் மருத்துவர்கள், மாநிலத்தின் ஒவ்வொரு பெண்ணும் ஒரு ஷில்லிங் தருக என வேண்டி, சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தைக் கொண்டே அதனை எழுப்பினர். அங்கே பணிபுரிந்த காலத்தில் ஏழைப் பெண்களின் நிலையை மேரி நெருங்கிக் கண்டார். மெல்போர்னின் காலின்ஸ் தெருவில் தமக்கெனத் தனி மருத்துவ அறையும் அமைத்துக்கொண்டார். புகழ்பெற்ற மருத்துவர்கள் குழுமியிருந்த தெரு அது. அங்கே ஓர் அறை கிடைத்துவிட்டால் பெயரும் பொருளும் தாமே வந்துசேரும்.

ஒரு சிறுநூல்

1915ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆக்னஸ் மெக்லாரனின் வாழ்க்கையைக் கூறும் அச்சிறுநூல் மேரியின் கைக்கு வந்தது. இந்தியப் பெண்கள் மருத்துவ உதவியின்றி மாள்வதையும், அதற்காக ஒரு மூதாட்டி தம் இறுதிநாள்வரை போராடியதையும் அவர் படித்தார். படித்து முடித்ததும் முழந்தாளிட்டார். தம் வாழ்வு எங்கே செல்ல வேண்டும் என்பது அந்நேரமே அவருக்குத் தெளிவாகிவிட்டது.

எனினும் அவர் மறுநாளே கப்பல் ஏறிவிடவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. மருத்துவர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால் நகரில் மருத்துவர்க்குத் தட்டுப்பாடு. 1916இல் கத்தோலிக்க மகளிர் சமூகச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் பொதுத் தலைவராக மேரி தேர்ந்தெடுக்கப்பட்டார். தொழிலாளிப் பெண்களின் நிலை உயர அச்சங்கம் பாடுபட்டது. இதற்கிடையே, தாம் செல்லவிருக்கும் நாட்டிற்கு எவ்வகை மருத்துவம் மிகவும் தேவைப்படும் என எண்ணி, மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றில் உயர்கல்வி பயின்று 1919இல் மருத்துவ முதுமுனைவர் பட்டம் பெற்றார். துறவு பூண்டு ஏழை நாடு ஒன்றிற்குச் செல்பவர்க்கு உயர்பட்டம் எதற்கு என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஏழைகளுக்கு அரைகுறை மருத்துவம் போதும் என்று மேரி நினைக்கவில்லை. அவர் வாழ்வில் மிகவும் போற்றத்தக்கது காலின்ஸ் தெருவைத் துறந்ததைவிட இந்த நான்கு ஆண்டு ஆயத்தமே ஆகும்.

குண்டூரில்

1920ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் மேரி மெல்போர்னிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பிப்ரவரி 12ஆம் நாள் குண்டூர் வந்துசேர்ந்தார். அன்று குண்டூர், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தெலுங்கு மாவட்டம். அங்கே நெதர்லாந்து நாட்டில் தோன்றிய இயேசு மரி சூசை சபையின் சகோதரியர் பணிபுரிந்துவந்தனர். அச்சபையில் சேர்ந்த மேரி, தூய இதயத்தின் சகோதரி மேரி என்னும் துறவறப் பெயரை ஏற்றார். அதன் பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிற்குத் திரும்பவே இல்லை. பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் அஞ்சலில் வரும் மடல்கள் வழியாகவே கண்டார்.

விதி என்னவாயிற்று? திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், மேரி ஒருவருக்கு மட்டும் தனி இசைவு வழங்கினார். துறவு வாக்குறுதி பூண்ட பின்னரும் அவர் மருத்துவராகத் தொழில் புரியலாம். இவ்வாறு, மறைபரப்பு நாடு ஒன்றில் மருத்துவராகப் பணியாற்றிய முதல் கத்தோலிக்க அருட்சகோதரி என்ற சிறப்பு அவருக்கு உரியதாயிற்று. விதி மாறவில்லை, ஒரு கதவு மட்டும் சற்றே திறந்தது.

திறந்த கதவின் மறுபுறம் காத்திருந்த பணியோ மலையளவு. சகோதரியர் நடத்திவந்தது ஒரு சிறு மருந்தகம். பல மைல் தொலைவிலிருந்து மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் மக்கள் வந்தனர். பெண்கள் கைக்குழந்தையுடன் வந்தனர். கண்பார்வை மங்கிய முதியோர் பிறர் கைபற்றி வந்தனர். மேரி மெல்போர்னில் கற்ற மகப்பேற்று மருத்துவமும் கண் மருத்துவமும் வீண்போகவில்லை. நெடுங்காலம் அங்கே அவர் ஒருவரே மருத்துவர். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிச் சிற்றூர்களுக்கும் அவர் சென்றார். அம்மருந்தகமே வளர்ந்து தூய சூசையப்பர் மருத்துவமனையாக உருப்பெற்றது. குண்டூரில் அது இன்றும் இயங்குகிறது.

மொழியும் ஒரு தடையாகவே இருந்தது. அவருடைய தாய்மொழி ஆங்கிலம். உடன்வாழ்ந்த சகோதரியர் பலர் டச்சு மொழியினர். நோயாளர் பேசியதோ தெலுங்கு. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதை மருத்துவர் புரிந்துகொள்ளாவிடில் மருத்துவம் எப்படி நடக்கும்? முப்பது வயதைக் கடந்தவர் புதிய எழுத்தும் புதிய ஒலியும் கொண்ட மொழியைக் கற்றாக வேண்டியிருந்தது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் மைசூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வியப்பாகத் தோன்றாது. சிறு வயதில் விளையாட்டோடு விளையாட்டாய் வந்துவிடும் மொழி, முதிர்ந்த வயதில் எளிதாக வாய்ப்பதில்லை. உங்கள் பெற்றோர் முதன்முதலாகக் கன்னடம் பேசக் கற்ற கதையைக் கேட்டால் அவ்வருமை விளங்கும்.

ஒருவர் போதாது

எவ்வளவு உழைத்தாலும் தாம் ஒருவர்தாம் என்பதை மேரி விரைவிலேயே உணர்ந்தார். காலையில் வாயிலில் நிற்கும் கூட்டம் மாலையில் குறைந்திருக்கும்; மறுநாள் மீண்டும் அதே அளவு நிற்கும். ஆகவே உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, மருந்து கலந்து கொடுக்கவும், நோயாளரைப் பேணவும், மகப்பேறு பார்க்கவும் பயிற்றுவித்தார். அயல்நாட்டிலிருந்து வரும் மருத்துவர் எத்தனை பேர் வந்தாலும் இந்நாட்டுச் சிற்றூர்களுக்குப் போதா. தெலுங்கு பேசும் தெலுங்குப் பெண்ணே செவிலியாக வந்து நின்றால் வீட்டார் தயங்கமாட்டார்கள். அவளுக்கு அவ்வீட்டின் வழக்கம் தெரியும். எதைச் சொன்னால் மாமியார் கேட்பார் என்பதும் தெரியும்.

இவ்வாறு பதினாறு ஆண்டுகள் சென்றன. உலகின் பிற பகுதிகளிலும் அதே கோரிக்கை வலுத்துவந்தது. ஆக்னஸ் மெக்லாரன் காட்டிய வழியில் மருத்துவரான ஆஸ்திரிய நாட்டுப் பெண் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் பணியாற்றிய பின்னர், 1925இல் அமெரிக்காவில் மருத்துவப் பணிக்கெனவே ஒரு மகளிர் குழுவைத் தோற்றுவித்தார். ஆயினும் விதியின் காரணமாக அவர்களால் முழுமையான துறவற வாக்குறுதி பூண இயலவில்லை. இறுதியில் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உரோமைத் தலைமை புதிய ஆணை ஒன்றை வெளியிட்டது. அருட்சகோதரியர் மருத்துவம் பயிலலாம், மருத்துவராகவும் பணிபுரியலாம், மகப்பேறும் பார்க்கலாம் என்று அவ்வாணை இசைவளித்தது. மேரி ஒருவருக்காகத் திறந்த கதவு, இப்போது அனைவருக்குமாகத் திறந்தது. ஆக்னஸ் மெக்லாரன் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. விதியை வகுத்தவர்கள் மகப்பேற்று அறைகளைக் கண்டவர்கள் அல்லர். குண்டூரில் ஓர் அருட்சகோதரி பதினாறு ஆண்டுகளாக அவ்வறைகளில் நின்று, தம் துறவுக்கு யாதொரு குறையும் நேராமல் தாய்மாரையும் சேய்களையும் காத்துவந்தார். உரோமையில் நடந்த விவாதங்களைவிட அந்தப் பதினாறு ஆண்டுகளே வலிமையான சான்றாக நின்றிருக்கும்.

சங்கம் அமைத்தல்

விதி நீங்கியது. இன்னொரு குறை எஞ்சியிருந்தது. இந்தியாவெங்கும் கத்தோலிக்கச் சபைகள் நடத்திய மருத்துவமனைகளும் மருந்தகங்களும் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. குண்டூரில் இருப்பவர்க்கு மங்களூரில் நடப்பது தெரியாது. ஒருவர் பெற்ற பட்டறிவு மற்றவர்க்குப் பயன்படவில்லை. செவிலியர் பயிற்சிக்கு ஒரே சீரான தரம் இல்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மருந்து கிடைப்பதே அரிதாயிற்று. நாட்டின் நலவாழ்வு நிலையை ஆராய அரசு போர் குழுவை அமைத்ததும் 1943ஆம் ஆண்டில்தான். (இங்கே போர் என்பது சண்டையைக் குறிக்கவில்லை. அக்குழுவின் தலைவர் சர் சோசப் போர் என்பவரின் பெயர் அது.) அரசு திட்டமிடும்போது சிதறிக் கிடப்பவர்களின் குரல் எங்கே கேட்கும்?

1943ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மேரி குளோரியும் பிற சகோதரியர் பதினைவரும் ஒன்றுகூடிக் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பதினாறு பெண்கள். அவர்களிடம் பெரும் பொருள் இல்லை. போர்க்காலத்தில் தொடர்வண்டிப் பயணமும் எளிதன்று. மேரி அச்சங்கத்தின் முதல் தலைவராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்தப் பதினாறு பேர் தொடங்கிய சங்கம் இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் என்ற பெயரில், 3,500க்கும் மேற்பட்ட மருத்துவ, நலவாழ்வு நிறுவனங்களை உறுப்பாகக் கொண்டு இயங்குகிறது. அவற்றுள் பெரும்பாலானவை நகரங்களிலிருந்து தொலைவில், வேறு மருத்துவ வசதி குறைந்த ஊர்களில் உள்ளன.

மேரிக்கு மற்றுமோர் எண்ணமும் இருந்தது. துறவியரும் பிறரும் மருத்துவம் பயிலக் கத்தோலிக்கர் நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தியாவில் அமைய வேண்டும்; ஏழைகளிடம் செல்ல அஞ்சாத மருத்துவர்கள் அங்கிருந்து வெளிவர வேண்டும். அதற்காக அவர் இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார்.

பெங்களூரில்

நாடு 1947இல் விடுதலை பெற்றது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது குண்டூர் அதனோடு சேர்ந்தது. ஊர் ஒன்றே; அது சேர்ந்திருந்த மாநிலத்தின் பெயர் மாறியது. மேரி தம் வாழ்வில் கண்ட மாற்றங்கள் பல. அதே காலத்தில் அவருடைய உடலும் தளர்ந்தது. பல்லாயிரம் பேருக்கு நோய் தீர்த்த அவரைப் புற்றுநோய் பற்றியது, இதயமும் நலிந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் கடுந்துன்பம் அனுபவித்தார். மருத்துவராதலின் தம் நோய் எங்கே கொண்டுசெல்லும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

சபைத் தலைவர்களின் விருப்பத்திற்கிணங்கி அவர் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதியிருந்தார். மருத்துவ உயர்பட்டம் பெற்றவர், மருத்துவமனையை வளர்த்தவர், நாடளாவிய சங்கத்தைத் தோற்றுவித்தவர் என்று எவ்வகையிலும் பெருமையாகத் தலைப்பிட்டிருக்கலாம். அந்நூல் வழங்கும் பெயரோ, கடவுளின் உதவாக்கரை என்று பொருள்படுவது. வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளைச் சினந்து சொல்லும் சொல்லை அவர் தமக்கே சூட்டிக்கொண்டார். தற்புகழ்ச்சியைத் தவிர்க்க அவர் கையாண்ட வழி அது. அதனைப் படிப்பவர்க்குப் புன்னகை வாராமல் இராது.

1957ஆம் ஆண்டு மே திங்கள் 5ஆம் நாள் மேரி குளோரி அம்மையார் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. அவற்றுள் முப்பத்தேழு ஆண்டுகள் இந்தியாவில் கழிந்தவை. அன்று பெங்களூரு மைசூர் மாநிலத்தின் தலைநகர். கர்நாடகம் என்ற பெயர் 1973இல்தான் சூட்டப்பட்டது. ஆகவே, ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கிடையே தொடங்கிச் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்த அவ்வாழ்வு மைசூர் மாநிலத்தில் நிறைவுற்றது என்று கூறலாம்.

அவர் விரும்பிய மருத்துவக் கல்லூரியை அவர் காணவில்லை. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1963இல் பெங்களூரில் தூய யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. சமயத் தொண்டர்களும் அருட்சகோதரியரும் ஏனைய மாணவர்களும் அங்கே மருத்துவம் கற்கின்றனர். 2013ஆம் ஆண்டு குண்டூரில் மேரி குளோரி அம்மையார் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார். புனிதர் நிலைக்கு ஒருவரை உயர்த்தும் முன்னர் திருச்சபை மேற்கொள்ளும் ஆய்வின் முதற்படி அது.

மைசூரிலிருந்து நோயாளர் சிலரும் உயர்சிகிச்சைக்காகத் தூய யோவான் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது உண்டு. செயின்ட் ஜான்ஸ் என்றால் அனைவருக்கும் தெரியும். மேரி குளோரி என்ற பெயரைக் கேட்டால் அறிந்தவர் மிகச் சிலரே. குண்டூரில் அவர் வளர்த்த மருத்துவமனையில் இன்றும் இளம்பெண்கள் செவிலியர் பயிற்சி பெறுகின்றனர். மகப்பேற்றுப் பகுதியில் இரவும் பகலும் விளக்கு எரிகிறது.